நாற்பது மில்லி

முதலில் வாதம் என்றார்கள்.
நானும் நம்பினேன்.
கோரையாற்று மதகில் இருபத்தாறு வருடம்
இரும்புச் சக்கரம் சுற்றியவன் முட்டி
வேறெப்படி இருக்கும்.
செங்கமலம் முடக்கத்தானை அரைத்துத்
தோசை தோசையாக வார்த்தாள்.
மன்னார்குடி எலும்பு டாக்டர்
ஊசி ஒன்றுக்கு ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு
மாடிப்படி ஏறாதீர்கள் என்றார்.
எங்கள் வீட்டில் மாடி இல்லை.
மதகு மேடைக்குப் பதினோரு படி,
அதை அவரிடம் சொல்லவில்லை.

காலையில் மடங்காது.
பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும்.
சாயங்காலம் தொட்டால் சுடும்.
வேட்டிக்குள் பனங்காய் ஒன்றை
ஒளித்துக்கொண்டு போகிறவன்போல் நடந்தேன்.
முறைப்பாசனம் வைத்த வருடம், லீவு கேட்க முடியாது.
வடக்கு வாய்க்கால்காரர்கள் பகலில்,
தெற்கு வாய்க்கால்காரர்கள் ராத்திரியில்
கதவைத் தட்டுவார்கள்:
கடைமடைக்கு எட்டலை லஸ்கரே,
நாத்து கருகுது.

இரண்டு வருடம் அது வாதமாகவே இருந்தது.

தஞ்சாவூர் மெடிக்கலில்
ரெஜினா என்று ஒரு சின்ன டாக்டர்,
அதுதான் சட்டையைத் தூக்கச் சொன்னது.
விலா ஓரத் தழும்பைப் பார்த்து,
"இது எப்ப?"
"நாலு வருஷம் ஆச்சும்மா. ஒரு கிட்னி.
கட்டியோட எடுத்துட்டாங்க.
சுத்தமாப் போயிடுச்சுன்னு சொன்னாங்க."
பேனாவை மூடி வைத்தது.
பிறகு முட்டியில் ஊசி போட்டு
நீரை இழுத்தது.

வாத நீர் கஞ்சித் தெளிவுபோல் வருமாம்.
எனக்கு வந்தது புதுத்தண்ணீர் நிறம்.
ஆற்றில் திறந்துவிட்ட முதல் நாள்
சருகையும் செம்மண்ணையும் உருட்டிக்கொண்டு வருமே,
அது.
"எவ்வளவும்மா?"
"நாற்பது மில்லி."
கன அடியில் எழுதிப் பழகிய கை
நோட்டைத் தேடியது.

எட்டு நாள் கழித்துச் சொன்னது.
கிட்னியில் இருந்ததேதான்.
ரத்தத்தோடு ஓடி எலும்புக்கு வந்து
எலும்பிலிருந்து மூட்டுச் சவ்வுக்கு இறங்கியிருக்கிறது.
"அம்புட்டுத் தூரமா?" என்றாள் செங்கமலம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவள் முறைத்தாள்.

பின்னே.
எத்தனை மனு, எத்தனை மறியல்,
கலெக்டர் ஜீப்புக்கு முன்னால்
காய்ந்த நாற்றை அள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள்,
கடைமடைக்கு ஒரு சாண் தண்ணீர் எட்டவில்லை.
இதற்கு யாரும் மனுப் போடவில்லை.
ஆறு, வாய்க்கால், கண்ணி, எல்லாம் தாண்டி
முட்டிவரை வந்து நிற்கிறது.
வடிகால் இல்லை.

பத்து நாள் கரண்ட் வைத்தார்கள்.
வலி பாதி அடங்கியது.
பாதி அடங்கவில்லை என்பதும் கணக்கில் ஏற வேண்டும்.
மாத்திரை தின்றால் வயிறு கட்டிக்கொள்கிறது,
தின்னாவிட்டால் தூக்கம் இல்லை.
காலையில் கால் மடங்க இப்போதும் ஒரு மணி நேரம்.
வாதமா புற்றா என்று
வலிக்கு என்ன தெரியும்.

நேற்று ராத்திரி மேட்டூர் உபரி வந்தது.
பதிலாள் வந்து சாவி வாங்கிப் போனான்.
படுத்தபடி காதைக் கொடுத்தேன்.
முதல் மதகு ஏறுகிறது.
இரண்டாவது.
மூன்றாவது பாதியில் நிற்கிறது.
அது எப்போதும் நிற்கிற இடம்தான்,
ஒரு சுற்று பின்னால் விட்டுத்தான்
முன்னால் இழுக்க வேண்டும்.
பையன் முன்னாலேயே இழுக்கிறான்.

செங்கமலம் டார்ச்சை எடுத்தாள்,
கிரீஸ் டப்பாவை எடுத்தாள்.
"எங்க போற?"
"சோறு கொண்டாந்தப்பல்லாம்
கண்ண மூடிக்கிட்டா நின்னேன்?"

படி ஏறும் சத்தம் கேட்காது, தூரம்.
நான் எண்ணிக்கொண்டேன், பதினொன்று வரை.
இரும்பு ஒருமுறை கத்தியது,
பின்னால் போகும் கத்தல்.
அப்புறம் தண்ணீரின் குரல் கனத்தது.

திரும்பி வந்தவள்
வழக்கம்போல் தைலத்துக்குக் கை நீட்டி
அப்படியே நின்றாள்.
முழங்கைவரை கிரீஸ்.
கழுவிட்டு வரேன் என்றாள்.
வேண்டாம்,
அந்தக் கையாலேயே தடவு என்றேன்.